பெட்ரோல் டாங்கினுள் துரு



எண்ணெய் தடவிய இரும்பு துருப்பிடிக்காது என்று சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறீர்கள். அரிவாளுக்கும் கத்திரிக்கோலுக்கும் எண்ணெய் பூசி வைப்பதும் இதனால்தான். பெட்ரோலும் ஒருவகை எண்ணெய்தானே! அப்படியானால் எப்போதும் பெட்ரோலில் நனைந்தே கிடக்கும் மோட்டார் சைக்கிளின் டாங்க், அதுவும் உட்புறத்தில், எப்படித் துருப்பிடிக்கிறது?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள். கேட்ட இடம் ஓர் ஆற்றுப் பாலம். அந்தக் கதையிலிருந்தே தொடங்குவோம்.

என் தந்தையாரிடம் ஒரு பழைய புல்லட் இருந்தது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் பிறந்து, 1955 முதல் சென்னையில் தயாரான அதே குடும்பத்து வண்டி. தந்தையார் மறைந்தபின் நாகப்பட்டினத்தில் கடற்கரைக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில், தகரக் கூரையின்கீழ், 12 ஆண்டுகள் அது சும்மா நின்றது. சென்ற ஆண்டு எஞ்சினைப் பழுது பார்த்து ஓட வைத்தோம். டாங்கை மட்டும் சிறிது பெட்ரோல் ஊற்றி அலசிவிட்டு, போதும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் மகளைப் பின்னால் அமர்த்திக்கொண்டு போகையில், பாலத்தின் நடுவில் எஞ்சின் இருமியது, நின்றேவிட்டது. பின்னால் வந்த லாரி கிறீச்சிட்டு, எங்களுக்கு இரண்டு முழ தூரத்தில் நின்றது.

வண்டியை ஓரம் தள்ளிய பிறகு மகள் டாங்கைத் தட்டிப் பார்த்து, "பெட்ரோல் பாதிக்கு மேல் இருக்கிறதே அப்பா, பிறகு ஏன் நின்றது?" என்றாள். மாலையில் மெக்கானிக் பெட்ரோல் டேப்பைக் கழற்றி அதன் வலையை என் உள்ளங்கையில் வைத்தார். காபிப் பொடியைக் குழைத்தது போன்ற சேறு. "டாங்க் உள்ளே பூரா துரு சார். அதைக் கழுவாமல் வண்டியை எடுக்காதீங்க" என்றார்.

ஒரு சிட்டிகைத் துரு 350 சி.சி. எஞ்சினை நிறுத்திவிடுமா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

சிறு துகள், பெரிய தடை

பழைய வண்டிகளில் பெட்ரோலைத் தள்ளிவிட பம்பு கிடையாது. டாங்க் மேலே, கார்புரேட்டர் கீழே, புவியீர்ப்பே பம்பு. இரண்டுக்கும் இடையே உயரம் ஏறத்தாழ 30 செ.மீ. என்க. திரவ அழுத்தம் என்பது அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றின் பெருக்கற்பலன் அல்லவா? பெட்ரோலின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 740 கிலோகிராம். ஆகவே 740 × 9.8 × 0.3 = ஏறத்தாழ 2,200 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் இது நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை! இவ்வளவு மெல்லிய தள்ளுதலில் வரும் பெட்ரோல், நுண்வலை ஒன்றைக் கடந்து, கார்புரேட்டருக்குள் சுமார் ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள மெயின் ஜெட் வழியே செல்லவேண்டும். மெதுவாக ஓடும்போது பயன்படும் பைலட் ஜெட்டின் துளை அதைவிடவும் சிறியது. துருத் துகள் ஒன்று அங்கே அமர்ந்தால், அதைத் தள்ளிவிடும் வலிமை பெட்ரோலுக்கு இல்லை. எஞ்சின் பட்டினியால் நின்றுவிடுகிறது.

இன்றைய வண்டிகளில் பம்பும் இன்ஜெக்டரும் உண்டு. அழுத்தம் மிக அதிகம். ஆனால் இன்ஜெக்டரின் துளைகளோ இன்னும் நுண்ணியவை. துருவுக்கு எந்தக் காலத்து வண்டியும் விதிவிலக்கல்ல.

டாங்க் மூச்சு விடுகிறது

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். துருப்பிடிக்க இரும்புடன் ஆக்ஸிஜனும் நீரும் வேண்டும். மூடிய டாங்கிற்குள் நீர் எப்படி வந்தது?

டாங்கின் மூடியில் ஒரு சிறு துளை இருக்கும். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும் என்பதற்காக அமைத்தது அது. அந்தத் துளை வண்டி நிற்கும்போதும் திறந்தேதான் இருக்கிறது. எங்கள் வீட்டுத் தகரக் கூரையின்கீழ் பகலில் டாங்க் 45 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி, இரவில் 25 டிகிரிக்குக் குளிர்கிறது என்று கொள்வோம். சார்லஸ் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 14 லிட்டர் காற்று 298 கெல்வினிலிருந்து 318 கெல்வினுக்குச் சூடானால் அதன் பருமன் 14 × 20 ÷ 298, அதாவது ஏறத்தாழ 0.9 லிட்டர் கூடும். கூடிய பருமனுக்கு டாங்கில் இடமில்லை. எனவே பகலில் அவ்வளவு காற்று வெளியேறுகிறது; இரவில் ஏறத்தாழ அவ்வளவும் திரும்ப உள்ளே நுழைகிறது. ஆம், டாங்க் நாளொன்றுக்கு ஒரு முறை மூச்சு விடுகிறது!

அது இழுக்கும் மூச்சு கடற்கரையின் ஈரக் காற்று. 25 டிகிரியில் நிறைவுற்ற காற்றின் ஒவ்வொரு லிட்டரிலும் சுமார் 23 மில்லிகிராம் நீராவி இருக்கும். 0.9 லிட்டரில் சுமார் 20 மில்லிகிராம். இரவில் வானத்தை நோக்கியிருக்கும் உலோகங்கள் வெப்பத்தைக் கதிர்வீசிக் காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். விடியற்காலையில் சைக்கிள் கைப்பிடியில் பனி முத்துக்களைப் பார்த்திருப்பீர்களே! கூரையின்கீழ் இருந்தால் இது குறைவு. ஆயினும் டாங்க் குளிரும்போது உட்சுவரிலும் சிறிது ஈரம் படியவே செய்யும். இரவுக்கு 5 மில்லிகிராம் மட்டுமே தங்குகிறது என்று வைத்துக்கொண்டாலும் ஓராண்டில் 1.8 கிராம்; 12 ஆண்டுகளில் 20 கிராமுக்கு மேல். இதில் ஒரு பகுதி மீண்டும் ஆவியாகும் என்பது உண்மைதான். ஆனால் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கத் தொட்டித் தண்ணீர் தேவையில்லை. கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலமே போதும்.

டாங்கில் கொஞ்சம் பெட்ரோல் இருந்தால்? நீரின் அடர்த்தி 1; பெட்ரோலின் அடர்த்தி 0.74. எனவே சுவரில் வழியும் நீர் பெட்ரோலைத் துளைத்துக்கொண்டு அடிக்குப் போய்த் தங்கும். மேலே பெட்ரோல் மூடியிருப்பதால் அது எளிதில் ஆவியாகவும் முடியாது. ஆக்ஸிஜன் அங்கே எப்படிப் போகும் என்கிறீர்களா? ஆக்ஸிஜன் நீரில் கரைவதைவிடப் பன்மடங்கு பெட்ரோலில் கரையும். பெட்ரோல் தன் வழியே ஆக்ஸிஜனை அடியிலுள்ள நீருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கத்தியில் பூசிய எண்ணெய் இரும்பின்மேல் நேரடியாக ஒட்டியிருக்கிறது. நீர் புக வழியில்லை. டாங்கிலோ இரும்புக்கும் பெட்ரோலுக்கும் நடுவே நீர் புகுந்துவிட்டது. வேறுபாடு அங்கேதான்.

இன்று இன்னொரு செய்தியும் சேர்ந்துள்ளது. நம் நாட்டில் பெட்ரோலுடன் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கு 2025-ல் எட்டப்பட்டது. எத்தனால் நீரை விரும்பி ஏற்கும். ஓர் அளவு வரை நீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அந்த அளவு மீறினால் எத்தனாலும் நீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். ஆகவே மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தும் வண்டிகளுக்கு இன்னும் அதிகக் கவனம் தேவை.

ஒரு துளிக்குள் ஒரு மின்கலம்

துருப்பிடித்தல் என்பது இரும்பு ஆக்ஸிஜனுடன் நேராகச் சேர்வது அன்று. அது ஒரு மின்வேதி நிகழ்ச்சி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் யூலிக் எவான்ஸ் 1920-களில் இதை ஒரே ஒரு நீர்த்துளியைக் கொண்டு விளக்கினார்.

இரும்புத் தகட்டின்மேல் ஓர் உப்பு நீர்த்துளி. துளியின் ஓரம் மெல்லியது. காற்றிலிருந்து ஆக்ஸிஜன் அங்கு எளிதில் வந்து சேரும். துளியின் நடுப்பகுதியோ ஆழமானது. அங்கு ஆக்ஸிஜன் குறைவு. இந்த வேறுபாடே ஒரு மின்கலத்தை உண்டாக்கிவிடுகிறது. நடுப்பகுதி நேர்மின்வாயாகிறது. அங்கே இரும்பு அணு ஒவ்வொன்றும் இரண்டு எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு, அயனியாக நீரில் இறங்குகிறது. அந்த எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியே ஓரத்திற்கு ஓடுகின்றன. ஓரம் எதிர்மின்வாய், அங்கே ஆக்ஸிஜனும் நீரும் எலெக்ட்ரான்களைப் பெற்று ஹைட்ராக்ஸில் அயனிகளாகின்றன. இரும்பு அயனிகளும் ஹைட்ராக்ஸில் அயனிகளும் இடைவழியில் சந்தித்து, மேலும் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து, பழுப்பு நிறத் துருவாகப் படிகின்றன.

இங்கே ஒன்றைக் கவனித்தீர்களா? துரு படிவது ஓரிடம். இரும்பு கரைவது வேறிடம்! துரு வளையம் வளையமாகத் தெரியும். குழியோ அதன் நடுவில், மறைவில் விழுந்துகொண்டிருக்கும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையின் முடிவில் இது எனக்கு ஒரு பாடம் கற்பித்தது.

மற்றொன்று: துரு, தான் பிறந்த இரும்பைப்போல் இரண்டு மூன்று மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே அது உலோகத்தை ஒட்டிக்கொண்டு காக்கும் போர்வையாக இருப்பதில்லை. உப்பி, வெடித்து, செதிலாக உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு ஈரத்திற்குத் திறந்துவிடப்படுகிறது. அலுமினியத்தின் ஆக்ஸைடு அப்படியல்ல. மெல்லிய, இறுக்கமான போர்வையாக ஒட்டிக்கொண்டு உலோகத்தைக் காக்கும்.

வேலைக்கு முன் ஓர் எச்சரிக்கை

இனி டாங்கைச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்குமுன் ஒரு கேள்வி. நிறைய பெட்ரோல் உள்ள டாங்க், பெட்ரோலைக் கொட்டிவிட்ட காலி டாங்க் — எது அதிக ஆபத்தானது?

காலி டாங்க்தான்! பெட்ரோல் திரவம் எரிவதில்லை. அதன் ஆவியே எரிகிறது. அதுவும் காற்றில் ஆவியின் அளவு ஏறத்தாழ 1.4 விழுக்காட்டிற்கும் 7.6 விழுக்காட்டிற்கும் இடையில் இருந்தால் மட்டுமே தீப்பிடிக்கும். நிறைந்த டாங்கின் மேற்புறத்தில் ஆவி மிகுதி, காற்று குறைவு. பெரும்பாலும் இந்த எல்லைக்கு மேலேயே இருக்கும். காலி செய்ததும் காற்று உள்ளே புகுந்து, ஒட்டியிருக்கும் சிறிதளவு பெட்ரோலின் ஆவியுடன் கலந்து, சரியாக அந்த அபாய எல்லைக்குள் வந்துவிடுகிறது. பெட்ரோல் 40 டிகிரி உறைகுளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவியை விடக்கூடியது. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகையால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து சமையலறை அடுப்பையோ பூஜை விளக்கையோ தேடிப் போய்விடும்.

எனவே மாணவர்களே, இவ்வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள். பெரியவர் ஒருவர் செய்ய, நீங்கள் உடனிருந்து உதவுங்கள். வீட்டுக்குள் வேண்டாம்; திறந்த வெளியில், காற்றோட்டத்தில், நெருப்பும் மின் சுவிட்சும் அருகில் இல்லாத இடத்தில் செய்யவேண்டும். டாங்கிற்குள் எட்டிப் பார்க்கத் தீக்குச்சி கிழித்தவர்கள் உண்டு. அதை நினைத்தும் பார்க்காதீர்கள். நாங்கள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி டாங்கிற்குள் செலுத்திப் பார்த்தோம். சூரியனைவிடப் பாதுகாப்பான விளக்கு எது?

பெட்ரோலை மூடியுள்ள உலோகக் கேனில் இறக்கினோம். அதைச் சாக்கடையில் கொட்டக்கூடாது. பின்பு டாங்கைச் சோப்பு நீரால் மூன்று முறை கழுவி, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிச் சிறிது நேரம் வைத்தோம். நீர் நிரம்பிய இடத்தில் ஆவிக்கு இடமில்லை. எளிய தத்துவம், உயிர் காக்கும் தத்துவம்.

முதற்படி: சங்கிலி

செதில் செதிலாக நிற்கும் துருவை முதலில் உதிர்க்கவேண்டும். சிலர் கூழாங்கற்களையும் நட்டுகளையும் உள்ளே போட்டுக் குலுக்குவார்கள். அப்படிச் செய்தால் எண்ணிப் போட்டு எண்ணி எடுக்கவேண்டும். ஒன்று உள்ளே தங்கினாலும் தொல்லை. நாங்கள் ஒரு முழ நீளச் சிறிய இரும்புச் சங்கிலியைப் பயன்படுத்தினோம். அதன் ஒரு முனையில் கம்பி கட்டி வெளியே நீட்டி வைத்தால், இழுத்ததும் முழுவதும் வந்துவிடும். கூடவே கால் பங்கு நீர். உலோகத்தோடு உலோகம் உரசும்போது பொறி பறக்கலாம். எனவே உலர்ந்த நிலையில் குலுக்கக்கூடாது.

சங்கிலி அடிக்கும்போது துரு உதிர்கிறது, இரும்பு உதிர்வதில்லை. ஏன்? துரு நொறுங்கும் இயல்புடையது. மோதலைத் தாங்காமல் விரிசல் விடுகிறது. எஃகுத் தகடு நெகிழ்ந்து கொடுத்து மீள்கிறது. அப்பாவும் மகளும் மாறி மாறிக் குலுக்கியதில் தோள்கள்தாம் வலித்தன. வந்த பழுப்பு நீரைத் துணியில் வடிகட்டி, படிந்ததை வெயிலில் உலர்த்தி நிறுத்துப் பார்த்தோம்: 60 கிராம். அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எலுமிச்சை உப்பு

சங்கிலி எட்டாத மூலைகளுக்கு வேதியியல் வேண்டும். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்குவதை அறிவீர்கள். புளியின் அமிலம் ஆக்ஸைடைக் கரைக்கிறது. அதே முறைதான் இங்கும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் வீதம் 14 லிட்டருக்கு 700 கிராம். வெதுவெதுப்பான நீரில் கரைத்தால் வினை விரைவாகும்.

சிட்ரிக் அமிலத்தின் சிறப்பு யாது? அது துருவைக் கரைப்பதுடன் நில்லாமல், கரைந்த இரும்பு அயனியை நண்டு தன் கொடுக்குகளால் பற்றுவதுபோல் பற்றிக்கொள்கிறது. பற்றப்பட்ட அயனி மீண்டும் துருவாகப் படிவதில்லை, நீரோடு போய்விடுகிறது.

குளியலறை கழுவும் ஆசிட் இன்னும் வேகமாக வேலை செய்யாதா என்று சிலர் கேட்பர். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவை மட்டுமின்றி நல்ல இரும்பையும் வேகமாகத் தின்னும். மேலும் மூலைகளில் தங்கிவிடும் குளோரைடு அயனிகள் பின்னால் துருவை விரைவுபடுத்தும். கண்ணுக்கும் தோலுக்கும் நுரையீரலுக்கும் தீங்கு. வேண்டாம்.

பித்தளையாலான பெட்ரோல் டேப்பைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையை ரப்பர் வாஷரும் போல்ட்டும் கொண்டு அடைத்தோம். வெளிப்புறப் பெயிண்டில் அமிலம் வழியாதபடி பாலிதீன் சுற்றினோம். கரைசலை விளிம்பு வரை நிரப்பி, பழைய செய்தித்தாள்களின்மேல் டாங்கை வைத்தோம். மூடியை மட்டும் மூடவில்லை. சிட்ரிக் அமிலமும் இரும்பைச் சிறிதளவு தாக்கும். அப்போது ஹைட்ரஜன் வெளிவரும். அது தங்காமல் வெளியேற வழி வேண்டும். ஒரு நாளைக்கு மேல் கரைசலை உள்ளே விடவும் கூடாது.

மின்பகுப்பு முறை வேண்டாமா?

வேறொரு முறையும் உண்டு. டாங்கில் சலவைச் சோடாக் கரைசலை நிரப்பி, நடுவில் டாங்கைத் தொடாமல் ஓர் இரும்புக் கம்பியைத் தொங்கவிட்டு, 12 வோல்ட் பாட்டரியின் எதிர்முனையை டாங்கிற்கும் நேர்முனையைக் கம்பிக்கும் இணைப்பார்கள். டாங்க் எதிர்மின்வாயாக இருப்பதால் அதன் இரும்பு கரைவதில்லை. துரு மட்டும் தளர்ந்து விழுகிறது. அழகான முறை. ஆயினும் நான் வீட்டில் செய்யவில்லை. காரணத்தைக் கணக்கே சொல்லும்.

இரண்டு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடினால் 7,200 கூலும். ஒரு மோல் ஹைட்ரஜன் வாயுவுக்கு 2 × 96,500 கூலும் வேண்டும். எனவே கிடைப்பது 0.037 மோல், அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 0.9 லிட்டர் ஹைட்ரஜன்! கம்பியில் அதிகமாகப் போனால் அதில் பாதியளவு ஆக்ஸிஜன். இரண்டும் இதே விகிதத்தில் கலந்தால் வெடிவாயு. கவ்வியைக் கழற்றும்போது எழும் ஒரு சிறு பொறி போதும். கம்பிக்குப் பதிலாக எவர்சில்வர் கரண்டியைப் போட்டால் அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாகக் கரையும். சோடாவுக்குப் பதிலாகச் சாப்பாட்டு உப்பைப் போட்டால் குளோரின் வரும். இவை எல்லாம் அறிந்தவர், திறந்த வெளியில் செய்யவேண்டிய வேலை இது. கல்லூரி ஆய்வகத்தில் ஓர் ஆணியை வைத்துச் செய்து பார்க்கலாம், அதுவே போதும்.

செய்தித்தாளில் ஒரு மஞ்சள் வட்டம்

மறுநாள் காலை மகள்தான் முதலில் பார்த்தாள். "அப்பா, பேப்பர் நனைந்திருக்கிறது" என்றாள். டாங்கின் அடியில், செய்தித்தாளில், உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் வட்டம். போல்ட் போட்ட இடத்தில் கசிவில்லை. டாங்கைத் தூக்கிப் பார்த்தால், மிகத் தாழ்வான மூலையில், குண்டூசி முனையளவு ஒரு துளை. சொட்டு ஒன்று அதில் திரண்டு நின்றது.

முந்தின நாள் அதே டாங்கில் பெட்ரோல் ஒழுகவில்லையே! ஏனெனில் அந்தத் துளையைத் துருவே அடைத்துக்கொண்டிருந்தது. அமிலம் அந்த அடைப்பைக் கரைத்துவிட்டது. சுத்தம் செய்ததால் துளை விழவில்லை; இருந்த துளை தெரிந்தது. அந்தத் துளைக்கு நேர் கீழே இருப்பது எஞ்சினின் கொதிக்கும் தலைப்பகுதி. ஒரு மேடு பள்ளத்தில் அந்தத் துரு அடைப்பு உதிர்ந்திருந்தால், பெட்ரோல் எங்கே சொட்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த டாங்கின்மேல் என் மகளை உட்கார்த்தி மூன்று நாள் ஓட்டியவன் நான். அன்று காலை எனக்குக் காபி இறங்கவில்லை.

இப்போது அந்த 60 கிராமைக் கொண்டு ஒரு கணக்கு. துருவில் ஏறத்தாழ 63 விழுக்காடு இரும்பு என்று கொண்டால், போன இரும்பு சுமார் 38 கிராம். இரும்பின் அடர்த்தி 7.87. எனவே பருமன் ஏறத்தாழ 4.8 கன செ.மீ. டாங்கின் உட்பரப்பு சுமார் 4,500 சதுர செ.மீ. என்று அளந்தோம். 4.8-ஐ 4,500-ஆல் வகுத்தால் சராசரித் தேய்மானம் சுமார் 0.001 செ.மீ., அதாவது 0.01 மில்லிமீட்டர். தகட்டின் தடிப்போ ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். நூற்றில் ஒரு பங்குதான் தேய்ந்திருக்கிறது! அமிலத்தில் கரைந்ததையும் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் நூற்றில் இரண்டு பங்கு.

சராசரிப்படி இந்த டாங்க் இன்னும் நூறாண்டு உழைக்கவேண்டும். உண்மையிலோ அது ஓட்டையாகிவிட்டது. ஆற்றின் சராசரி ஆழம் முழங்காலளவு என்று கேட்டு இறங்கியவன் சுழியில் சிக்கிய கதைதான் இது. எவான்ஸின் நீர்த்துளியை நினைத்துப் பாருங்கள். அடியில் தங்கிய நீர்த்துளியின் நடுவே, ஆக்ஸிஜன் குறைந்த அந்தச் சிறு இடமே ஆண்டுக்கணக்கில் நேர்மின்வாயாக இருந்து, இரும்பை ஓரிடத்திலேயே இழந்துகொண்டிருந்தது. துரு பரவலாகத் தெரியும். சேதம் ஒரு புள்ளியில் குவியும். பாலங்களையும் குழாய்களையும் கப்பல்களையும் ஆய்வு செய்யும் பொறியாளர்கள் சராசரியை நம்பாமல், மிக மெலிந்த இடத்தைத் தேடுவது இதனால்தான்.

முடித்த விதம்

துளையை நாங்களாக அடைக்க முயலவில்லை. பெட்ரோல் டாங்கில் வெல்டிங் வைப்பது வீட்டு வேலையே அன்று. பலமுறை கழுவிய டாங்குகளும் வெடித்ததுண்டு. இவ்வேலையில் பழகிய ஒருவரிடம் கொடுத்தோம். அவர் டாங்கிற்குள் நீரை நிரப்பி, துளையுள்ள மூலையை மட்டும் மேலே வரும்படி சாய்த்து வைத்துப் பற்றவைத்தார். காலியிடத்தைக் குறைக்கும் அதே தத்துவம்! பின்பு மீண்டும் நீர் நிரப்பி, புதிய செய்தித்தாளின்மேல் இரவு முழுவதும் வைத்தோம். விடிந்ததும் தாள் உலர்ந்திருந்தது.

அமிலம் போட்டு எடுத்த இரும்பு மிகத் துப்புரவாக இருக்கும். அதனாலேயே ஈரம் பட்டால் சில நிமிடங்களில் புதுத் துரு பூக்கும். எனவே கடைசிப் படிகளை இடைவிடாமல் செய்யவேண்டும். நல்ல நீரில் அலசி, சலவைச் சோடாக் கரைசலால் எஞ்சிய அமிலத்தை நடுநிலையாக்கி, மறுபடி அலசி, இறுதியாகச் சுடுநீர் ஊற்றிக் கவிழ்த்தோம். சுடுநீரால் சூடேறிய உலோகமே தன்மீதுள்ள ஈரத்தை ஆவியாக்கிவிடுகிறது. மீதியை நம் ஊர் வெயில் பார்த்துக்கொண்டது. உலர்ந்தவுடன் சிறிது எஞ்சின் ஆயில் ஊற்றி எல்லாப் பக்கமும் சுழற்றி, பெட்ரோல் நிரப்பினோம். டேப்பிற்குப் புதிய வலை. குழாயில் ஒரு சிறு வடிகட்டி. பயன்படுத்திய அமிலக் கரைசலைச் சோடா இட்டு, நுரைப்பது நிற்கும்வரை நடுநிலையாக்கிய பிறகே வெளியேற்றினோம்.

இனி வண்டியை ஓரிரு மாதம் நிறுத்துவதானால் டாங்கை நிரப்பி நிறுத்தவேண்டும். மூச்சு விட இடம் இருக்காது. நீண்ட காலம் நிறுத்துவதானால் முழுதும் காலி செய்து, உலர்த்தி, எண்ணெய் பூசி வைக்கவேண்டும். பாதி நிறைந்த டாங்க்தான் கெட்டது.

சென்ற வாரம் மீண்டும் அதே பாலத்தைக் கடந்தோம். எஞ்சின் இருமவில்லை. இருந்தாலும் வீடு வந்ததும் மகள் குனிந்து, டாங்கின் அடி மூலையை விரலால் தடவிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். உலர்ந்தே இருந்தது.

செய்து பாருங்கள்

1. உப்புக் காகிதத்தால் நன்கு தேய்த்த இரும்புத் தகட்டின்மேல் ஒரு பெரிய உப்பு நீர்த்துளியை வைத்து, ஆவியாகாதபடி ஒரு டம்ளரால் கவிழ்த்து மூடுங்கள். சில மணி நேரம் கழித்துத் துரு எங்கே படிந்துள்ளது என்று பாருங்கள். துடைத்துவிட்டு, குழி எங்கே விழுந்துள்ளது என்றும் பாருங்கள்.

2. துருப்பிடித்த ஆணி இரண்டில் ஒன்றை வெறும் நீரிலும் மற்றொன்றை எலுமிச்சை உப்புக் கரைசலிலும் ஓரிரவு ஊறவைத்து ஒப்பிடுங்கள். புளிக் கரைசலிலும் செய்து பாருங்கள்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. டாங்கின் பாதியளவு, அதாவது 7 லிட்டர் மட்டும் காற்று இருந்தால், மேலே சொன்ன வெப்பநிலை மாற்றத்தில் அது எவ்வளவு காற்றை வெளிவிடும்?

2. பெட்ரோலைவிட நீர் இலேசாக இருந்திருந்தால் டாங்கில் துளை எந்த இடத்தில் விழுந்திருக்கும்?

3. மூடியிலுள்ள துளையை முழுதும் அடைத்துவிட்டால் ஈரக் காற்று வராது, துருவும் குறையும். ஆனால் வண்டி ஓடுமா? ஏன்?